தாலுகா ஊர் லேபுக்கு எந்தக் கருவி? ஃப்ளோரசன்ஸ் ரீடர், க்ளியா, எலைசா, ரேபிட் கார்டு ஓர் ஒப்பீடு

கோபி, தாராபுரம், காங்கயம், அந்தியூர், உடுமலை மாதிரி ஊர்களில் லேப் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி எப்படியும் ஒருநாள் வந்து நிற்கும். சுகர், யூரியா, கொலஸ்ட்ராலுக்கு செமி ஆட்டோ அனலைசர் இருக்கிறது. ரத்த அணு எண்ண செல் கவுன்டர் இருக்கிறது. பக்கத்து நர்சிங் ஹோம் டாக்டர் ரத்தக் கட்டி சந்தேகத்துக்கு டி-டைமர் கேட்கிறார், ராத்திரி மாரடைப்பு சந்தேகத்துக்கு ட்ரோபோனின் கேட்கிறார், பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து தைராய்டு பார்க்கும் டி.எஸ்.ஹெச். வருகிறது. எல்லாம் கோவைக்கோ ஈரோட்டுக்கோ போய்க்கொண்டிருக்கிறது. இனி நாமே போட்டால் என்ன என்று தோன்றும் நேரத்தில் விற்பனைப் பிரதிநிதி வந்து உட்காருவார்: “மெஷினுக்குக் காசே வேண்டாமுங்க. மாசம் நாலு பாக்ஸ் கிட் எடுத்தாப் போதுமுங்க, முப்பது வகை டெஸ்ட் போட்டுக்கலாமுங்க.”

அவர் காட்டுவது பெரும்பாலும் ஃப்ளோரசன்ஸ் இம்யூனோஅஸே ரீடர், லேப் பேச்சில் எஃப்.ஐ.ஏ. சாம்பிள் விட்ட கார்டைப் படித்து எண் சொல்வது, அதனால் கார்டு ரீடர் என்றும் சொல்வோம்; கீழே வெறுமனே கார்டு என்றால் இதன் கார்டுதான். நல்ல கருவிதான். ஆனால் முப்பது வகை டெஸ்ட்டையும் அதில் போடக் கூடாது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சி.ஆர்.பி. (உடலில் அழற்சியைக் காட்டுவது), ப்ரோகால்சிடோனின் (கடும் பாக்டீரியத் தொற்றைக் காட்டுவது), டி-டைமர், அவசர ட்ரோபோனின் ஆகியவற்றுக்கு ஃப்ளோரசன்ஸ் ரீடர் வாங்கலாம். டி.எஸ்.ஹெச்., பி.எஸ்.ஏ. (ப்ராஸ்டேட் டெஸ்ட்), வைட்டமின் டி ஆகியவை க்ளியா கருவி உள்ள பெரிய லேபுக்கே போகட்டும். ஹெச்பிஏ1சி-யை (சில மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டுவது) ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவி இருக்கும் இடத்தில் போடுங்கள். எலைசா, டெங்கு காலத்தில் நிறைய சாம்பிள் சேரும் லேபுக்கு மட்டும். இப்படிப் பிரிப்பதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

ஒளியும் கழுவலும்

தேடுகிற புரதம் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் பெரும்பாலும் நானோகிராம் கணக்கில், சில சமயம் பிகோகிராம் கணக்கில்தான் இருக்கும். அதைப் பிடிப்பது இங்கே சொல்லும் நாலு முறையிலும் ஆன்டிபாடிதான், அதாவது குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதம். பிடித்ததை எப்படிக் கண்ணுக்கோ கருவிக்கோ காட்டுகிறோம் என்பதில்தான் முறைகள் பிரிகின்றன.

ரேபிட் கார்டில் தங்க நுண்துகள் ஒட்டிய ஆன்டிபாடி சிவப்புக் கோடாகப் படியும், கண்ணால் பார்ப்பது. எலைசாவில் என்சைம் நிறம் உண்டாக்கும், அமிலம் விட்டு நிறுத்தியபின் 450 நானோமீட்டரில் அளப்பார்கள். க்ளியாவில் வேதிவினையே ஒளியை உமிழும், வெளியிலிருந்து விளக்கு அடிக்க வேண்டியதில்லை. ஃப்ளோரசன்ஸில் ஒரு நிற ஒளியை அடித்தால் சாயம் அதை விழுங்கி, அதைவிட நீண்ட அலைநீளத்தில் திருப்பி விடும். 1852-ல் ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர் குயினைன் கரைசலை வைத்து விளக்கிய இடைவெளி இது. (வால்பாறைப் பக்கம் சின்கோனா என்றே ஓர் ஊர் உண்டு, குயினைன் அந்த மரப்பட்டையில் வருவதுதான்.) அடிக்கும் நிறமும் வரும் நிறமும் வேறு என்பதால், ஃபில்டர் போட்டு வரும் நிறத்தை மட்டும் எண்ணலாம்.

இதில் ஒரு தொல்லை. சீரமும் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் திரவம்) கார்டுக்குள் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் தாளும் பிளாஸ்டிக்கும் தாமாகவே கொஞ்சம் ஒளிரும். ஃப்ளோரசீன் மாதிரிச் சாயம் 495 நானோமீட்டரில் விழுங்கி 520-ல் உமிழ்வது; இடைவெளி 25 நானோமீட்டர்தான், சீரத்தின் சொந்த ஒளியும் அங்கேயே கலந்து வரும். அதனால்தான் நல்ல ரீடர்களில் யூரோப்பியம் என்ற உலோகத்தின் சேர்மம் ஏற்றிய பாலிஸ்டைரீன் நுண்மணிகளைப் பயன்படுத்துகிறார்கள். அடிப்பது 340 முதல் 365, வருவது 615. அதோடு, சீரத்தின் ஒளி சில நானோவினாடியில் அணைந்துவிடும், யூரோப்பியம் நூற்றுக்கணக்கான மைக்ரோவினாடி நின்று ஒளிரும். விளக்கை அணைத்து, சற்றுப் பொறுத்து அளந்தால் மிச்சம் இருப்பது யூரோப்பியத்தின் ஒளி மட்டுமே. இதற்கு டைம் ரிசால்வ்டு ஃப்ளோரசன்ஸ் என்று பெயர். பிரதிநிதியிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: சாயம் என்ன, தாமதித்து அளக்கிறதா? வேறு சில கருவிகள் 650 நானோமீட்டருக்கு அருகே சிவப்புச் சாயம் வைத்திருக்கும். அங்கே ஹீமோகுளோபின் ஒளியை அதிகம் விழுங்காது என்பதால் அதுவும் ஏற்கத்தக்கதே.

இதையெல்லாம் மீறி ஃப்ளோரசன்ஸ் கார்டு க்ளியாவின் நுணுக்கத்தை எட்டுவதில்லை. காரணம் கருவியின் கண்ணில் இல்லை, கழுவலில் இருக்கிறது. க்ளியாவில் காந்தமணியில் பிடித்ததைப் பலமுறை கழுவி, ஒட்டாமல் கிடக்கும், ஒளி தரும் ஆன்டிபாடியை நீக்கிவிடுவார்கள். கார்டில் கழுவல் கிடையாது. ஓடிப்போகும் திரவமே ஓரளவு அலசுகிறது, அவ்வளவுதான். ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டிய மணிகளும் 615-லேயே ஒளிரும். எவ்வளவு கூரான ரீடராலும் இவற்றைப் பிரித்துப் பார்க்க முடியாது. மிகக் குறைந்த அளவுகளில் கார்டின் எண் தடுமாறுவது இதனால்தான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வகை உண்டு, பலர் கவனிப்பதில்லை. வைடாஸ் போன்ற கருவிகளில் ஒரு நோயாளிக்கு ஒரு ஸ்ட்ரிப், உள்ளேயே கழுவல், கடைசியில் என்சைம் உண்டாக்கும் ஃப்ளோரசன்ட் பொருளை 370-ல் தூண்டி 450-ல் அளப்பது. க்ளியா போலப் பெரிய ரீயேஜண்ட் பாட்டில் திறக்க வேண்டாம், கார்டைவிட எண் உறுதியாக நிற்கும். ஸ்ட்ரிப் விலை கார்டைவிடக் கூடுதல், 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், டெஸ்ட்டைப் பொறுத்து 14 அல்லது 28 நாளுக்கொருமுறை கேலிப்ரேஷன் (அளவு தெரிந்த பொருளை வைத்துக் கருவியைச் சரிசெய்வது). உள்நோயாளிகள் உள்ள 50 படுக்கை ஆஸ்பத்திரி லேபாக இருந்தால் கார்டு ரீடருக்கு முன் இதை விசாரித்துவிடுங்கள்.

டெஸ்ட்டைப் பார்த்துக் கருவி

ஒரு எண் 15 சதவீதம் முன்பின் ஆனால் சிகிச்சை மாறுமா என்பதை ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் கேளுங்கள். ஒரே சாம்பிளைத் திரும்பத் திரும்பப் போட்டால் எண் எவ்வளவு ஆடும் என்பதைச் சொல்வது மாறுபாட்டுக் கெழு, அதாவது சி.வி.; கார்டு ரீடருக்கு அது 15 சதவீதத்துக்குள் என்றுதான் பல கிட்டுகளின் உள்தாளில் போட்டிருக்கும்.

சி.ஆர்.பி. 80 என்பது 68 ஆனாலும் 92 ஆனாலும் டாக்டர் செய்வது ஒன்றுதான். ப்ரோகால்சிடோனினில் 0.25, 0.5 நானோகிராம் என்ற எல்லைகளை ஒட்டி வந்தால் மறுபடி போட வேண்டியிருக்கும். 5, 10 என்று வந்தால் சந்தேகமே இல்லை. இவை கார்டுக்கு ஏற்ற டெஸ்ட்டுகள். ராத்திரி காய்ச்சலோடு வந்த குழந்தைக்குப் பதினைந்து நிமிடத்தில் கிடைக்கும் சி.ஆர்.பி., மறுநாள் மதியம் கோவையிலிருந்து வரும் துல்லியமான சி.ஆர்.பி.யைவிட உதவும்.

டி-டைமரில் எண்ணைவிட அலகு ஆபத்து. எஃப்.இ.யு. (ஃபைப்ரினோஜன் அளவுக்கு மாற்றிச் சொல்வது), டி.டி.யு. (டி-டைமர் அளவாகவே சொல்வது) என இரண்டு அலகுகள். ஒரே சாம்பிளுக்கு முதலாவதில் வரும் எண் இரண்டாவதில் வருவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வழக்கமான 500 நானோகிராம் எல்லை எஃப்.இ.யு.வில். டி.டி.யு.வில் சொல்லும் கார்டில் 400 வந்தால், பழக்கத்தில் நார்மல் என்று விட்டுவிடுவார்கள், அது எஃப்.இ.யு.வில் 800. ரிப்போர்ட்டில் அலகை எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சடியுங்கள், டாக்டரிடமும் நேரில் சொல்லிவையுங்கள்.

ட்ரோபோனினில்தான் அதிக கவனம் வேண்டும். ஹை சென்சிடிவிட்டி என்று ஒரு முறையைச் சொல்ல வேண்டுமானால், ஆரோக்கியமானவர்களின் 99-ஆவது சதமான அளவில் (நூறில் 99 பேர் அதற்குக் கீழே இருக்கும் அளவு) சி.வி. 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஆரோக்கியமானவர்களில் பாதிப் பேருக்காவது எண் கிடைக்க வேண்டும். பெரிய க்ளியா கருவிகளில் இது நடக்கிறது. கார்டு ரீடர்கள் பலவற்றின் கீழ் எல்லை மில்லிலிட்டருக்கு 0.01 முதல் 0.1 நானோகிராம், லிட்டருக்கு என்று சொன்னால் 10 முதல் 100 நானோகிராம். மாரடைப்பு தொடங்கிய முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் ட்ரோபோனின் இருப்பதே அந்த எல்லைக்குள்தான். ஆகவே கார்டில் பாசிட்டிவ் என்றால் பயன் உண்டு. சீக்கிரம் எடுத்த நெகட்டிவை வைத்து ஆளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. 6 மணி நேரம் கழித்து, அதே கருவியில், மறுபடி போட வேண்டும். ஒரு மணி நேர, மூன்று மணி நேர விதிகள் ஹை சென்சிடிவிட்டி முறைக்கு வகுத்தவை, கார்டுக்குப் பொருந்தாது. ஈ.சி.ஜி.யிலேயே மாரடைப்பு தெரிந்தால் எந்த ட்ரோபோனினுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எதற்குக் கார்டு ட்ரோபோனின்? தாளவாடியை நினைத்துப் பாருங்கள். சத்தியமங்கலம் இறங்க திம்பம் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு, புலிகள் காப்பகம் என்பதால் இரவுப் போக்குவரத்துத் தடை, ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டு. ராத்திரி சாம்பிள் கீழே போகாது, ஆள்தான் போக முடியும். வால்பாறையும் மலை மேல்தான், ஆழியாறு வரை 40 வளைவு. அங்கே ஈ.சி.ஜி. தெளிவில்லாமல் இருந்து கார்டு தெளிவாகப் பாசிட்டிவ் காட்டினால் ஆம்புலன்ஸை உடனே கூப்பிட இன்னொரு காரணம் கிடைக்கிறது. இதுவே கோவை அவினாசி ரோட்டில் இருக்கும் கிளினிக்குக்கு அவ்வளவு தேவையில்லை. ஹை சென்சிடிவிட்டி உள்ள ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது.

டி.எஸ்.ஹெச்.சைக் கார்டில் போடாதீர்கள் என்று ஏன் சொல்கிறோம்? நார்மல் ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. அதிகமாக இருப்பவரைக் கார்டு பிடித்துவிடும். ஆனால் தைராய்டு மாத்திரை அளவு கூடிப்போனவர், தைராய்டு அதிகம் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் உள்ளவர் ஆகியோரின் எண் 0.1-க்குக் கீழே இருக்கும். அங்கே 0.08-க்கும் 0.01-க்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். மூன்றாம் தலைமுறை க்ளியா 0.01, 0.02 வரை இறங்கும். கார்டுகள் பெரும்பாலும் 0.1-லேயே நின்றுவிடும். கர்ப்பிணிக்கு மாத்திரை அளவை மாற்றுவது 2.5-க்கும் 4-க்கும் இடையில் நடக்கும் முடிவு; அங்கே 15 சதவீதம் சின்ன விஷயமில்லை. மேலும் டி.எஸ்.ஹெச். அவசர டெஸ்ட் அல்ல. பிரித்த சீரத்தை 2 முதல் 8 டிகிரியில் வைத்தால் நாள்கணக்கில் தாங்கும். சாயங்கால வண்டியில் ஜெல் ஐஸ் போட்டு அனுப்பினால் மறுநாள் எண் வந்துவிடும்.

க்ளியாவுக்கும் ஒரு பலவீனம் உண்டு. பல கருவிகள் பயோட்டின் என்ற வைட்டமினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒட்டிக்கொள்ளும் பிணைப்பை நம்பி இயங்குபவை. முடி உதிர்வுக்கு 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு டி.எஸ்.ஹெச். பொய்யாகக் குறையும், தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 பொய்யாக ஏறும். இல்லாத கிரேவ்ஸ் நோய் காகிதத்தில் வந்துவிடும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-ல் இதைப் பற்றி எச்சரித்தது. சாம்பிள் எடுக்கும்போது “முடிக்கு, நகத்துக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?” என்று ஒரு வார்த்தை கேட்டு, சாப்பிட்டால் இரண்டு நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம் என்பது சர்க்கரை நோய் உண்டு, இல்லை என்று பிரிக்கும் கோடு. கார்டின் சி.வி. 5 சதவீதம் என்றே வைத்தாலும் 6.5 என்பது 6.2 முதல் 6.8 வரை சாதாரணமாக ஆடும். நல்ல ஹெச்.பி.எல்.சி. 2 சதவீதத்துக்குள் நிற்கும், ஆட்டம் 6.4 முதல் 6.6. நம் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: ஹீமோகுளோபின் மாறுபட்டிருந்தால் இந்த எண்ணே பொய்யாகலாம். இந்தியாவில் அரிவாள் செல் ஹீமோகுளோபினை முதன்முதல் 1952-ல் லேமனும் கட்புஷும் கண்டு எழுதியது நீலகிரிப் பழங்குடி மக்களிடம். ஆனைகட்டி, சத்தியமங்கலம் மலையடிவாரங்களில் சாம்பிள் எடுக்கும் லேபுகளுக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. ஹெச்.பி.எல்.சி. வரைபடத்தில் மாறுபட்ட ஹீமோகுளோபின் தனி மேடாகத் தெரியும். கார்டு ஒரு எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு நின்றுவிடும்.

டெங்கு தனி. வைரஸின் புரதமான என்.எஸ்.1 ஆன்டிஜனைக் காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் தேட வேண்டும், உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியான ஐ.ஜி.எம்.மை அதற்குப் பிறகு. டெங்குவுக்கான தேசியத் திட்டம் உறுதிப்படுத்த எலைசாவைத்தான் கேட்கிறது; ரேபிட் கார்டோ ஃப்ளோரசன்ஸ் கார்டோ சந்தேகத்தை வலுப்படுத்தும், அவ்வளவே. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாளுக்குப் பத்து சாம்பிளுக்கு மேல் சேரும் லேபுக்கு எலைசா லாபம். ஒரு நாளைக்கு மூன்று என்றால் எட்டு வெல் (குழி) கொண்ட ஒரு ஸ்ட்ரிப்பில் பாதி கன்ட்ரோலுக்கே (விடை முன்பே தெரிந்த சாம்பிள்) போய்விடும்.

கார்டு ரீடரில் கெடுவது எங்கே

செய்முறை எளிது என்பதாலேயே தவறு நுழைகிறது. பல கிட்டுகளில் 75 முதல் 100 மைக்ரோலிட்டர் சாம்பிளை பஃபரில் கலந்து, அதிலிருந்து அதே அளவு எடுத்துக் கார்டின் குழியில் விட்டு, 15 நிமிடம் (சில டெஸ்ட்டுக்கு 3, சிலதுக்கு 12) கழித்துப் படிப்பது. சரியான அளவும் நேரமும் அந்தந்த டெஸ்ட்டின் உள்தாளில் இருப்பதுதான்.

முழு ரத்தத்தில் போடும்போது நடப்பதைக் கவனியுங்கள். ட்ரோபோனின் பிளாஸ்மாவில், அதாவது ரத்த அணுக்கள் நீங்கிய திரவத்தில் இருப்பது. ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 45 என்றால் 100 மைக்ரோலிட்டர் ரத்தத்தில் பிளாஸ்மா 55. ரத்தசோகையில் ஹீமடோக்ரிட் 25 என்றால் பிளாஸ்மா 75. அதே நோய், அதே அளவு, ஆனால் கார்டுக்குப் போவது 36 சதவீதம் அதிகம். சில ரீடர்கள் ஹீமடோக்ரிட்டைத் தட்டச்சு செய்யச் சொல்லும். மற்றவை ஒரு சராசரியை வைத்துக்கொண்டு கணக்குப் போடும். நம் பெண்களில் ரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். சென்ட்ரிஃப்யூஜ் பக்கத்தில் இருந்தால் ஐந்து நிமிடம் சுற்றி பிளாஸ்மாவிலேயே போடுங்கள். ராத்திரி அவசரத்தில் முழு ரத்தம்தான் என்றால் ரிப்போர்ட்டில் அதை எழுதுங்கள்.

பைப்பெட்டில் ரத்தம் எடுக்கும்போது டிப்பின் வெளிப்பக்கத்தைத் துடையுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு சொட்டே 75 மைக்ரோலிட்டரில் பெரிய பங்கு. குழியில் குமிழி விழுந்தால் ஓட்டம் நிற்கும், கன்ட்ரோல் கோடு மங்கி ரீடர் பிழை காட்டும்; அப்போது அந்தக் கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போடுவதே சரி. கன்ட்ரோல் கோடு நன்றாக வந்துவிட்டால் டெஸ்ட் சரி என்று டெக்னீஷியன்கள் நம்புவது உண்டு. அந்தக் கோடு திரவம் ஓடியதை மட்டும் சொல்கிறது. எண் சரியா என்று சொல்வது தனியாக வாங்கிப் போடும் இரண்டு லெவல் கன்ட்ரோல்தான். புது லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) பிரிக்கும்போதும், வாரம் ஒருமுறையும் போடுங்கள். லாட்டோடு வரும் ஐ.டி. சிப் மாறிப்போனாலும் எண் பொய். பழைய சிப்பைப் பெட்டி தீர்ந்த அன்றே எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

சித்திரை வைகாசியில் ஈரோட்டிலும் கரூரிலும் அறை 38 டிகிரி போகும். கார்டுப் பெட்டியில் 4 முதல் 30 டிகிரி என்று போட்டிருக்கும். ஆன்டிபாடி பிணைவதும் திரவம் ஓடுவதும் வெப்பத்தால் மாறும், அதனால் உள்ளே வெப்பம் காக்கும் அறை உள்ள ரீடர் நம் வெயிலுக்கு அவசியம் என்றே சொல்வோம். ஏ.சி. போட்ட அறை இருந்தாலும் கரன்ட் போனால் என்ன ஆகும் என்று யோசித்துவையுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பையை அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகே கிழியுங்கள். உடனே கிழித்தால் காற்றின் ஈரம் உள்ளே இருக்கும் தாளில் பனிக்கும், மணிகள் சீராகக் கிளம்பாது.

துணி ஊர்களுக்கென்று ஒரு பிரச்சினை இருக்கிறது. திருப்பூர், பல்லடம், பவானி பக்கம் காற்றிலேயே பஞ்சு மிதக்கும். ஆடிக் காற்றில் கேட்கவே வேண்டாம். வெளுத்த துணியில் ஏற்றும் ஆப்டிகல் ப்ரைட்டனர் 340 முதல் 370 நானோமீட்டர் ஒளியை விழுங்கி 420 முதல் 470-ல் நீலமாக ஒளிரும். யூரோப்பியம் ரீடர் அடிக்கும் ஒளியும் அதே 365 அருகேதான். தாமதித்து அளக்கும் ரீடர் இந்த நீலத்தைத் தள்ளிவிடும். தாமதமில்லாத மலிவு ரீடரில் கார்டின் ஜன்னலில் ஒரு பிசிறு விழுந்தாலே பின்னணி ஏறலாம். கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டறையில் ரீடரின் தட்டின் மேல் அடித்துப் பாருங்கள், டார்ச்சை நேராகக் கண்ணால் பார்க்காமல். நீலப் புள்ளிகள் மினுங்கினால் அவையெல்லாம் பிசிறு. டிஷ்யூ பேப்பரால் துடைத்தால் அதிலிருந்தும் ப்ரைட்டனர் ஒட்டலாம். பிசிறு விடாத லென்ஸ் துணி வாங்கிக்கொள்ளுங்கள், ரீடரை ஜன்னலோரம் வைக்காதீர்கள், வேலை முடிந்ததும் மூடி போடுங்கள். கருவியோடு வரும் ஸ்டாண்டர்டு கார்டை தினம் காலையில் ஒருமுறை ஓட்டினால் கண்ணாடி அழுக்கானது எண்ணிலேயே தெரிந்துவிடும்.

எலைசா, க்ளியா வாங்குகிறவர்களுக்கு இதே இடத்தில் தண்ணீர்ப் பிரச்சினை. சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீதியிலும் கழுவலுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது. தாராபுரம், காங்கயம் போர்வெல் உப்புத் தண்ணீரோ வாஷரின் ஊசித் துளையையே அடைத்துவிடும். டீஅயனைஸ்டு தண்ணீருக்கான செலவைக் கருவி விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

புரதம் மிக அதிகமாக இருக்கும்போது எண் குறைந்து காட்டும் ஹூக் விளைவு, நடுவில் கழுவாமல் இரண்டு ஆன்டிபாடிகளை ஒரே கட்டத்தில் சேர்க்கும் முறைகளில் வரக்கூடியது. பிடிக்கும் ஆன்டிபாடி, சாய ஆன்டிபாடி இரண்டையும் தனித்தனியே புரதம் நிரப்பிவிடுவதால் இரண்டையும் இணைக்கும் பாலம் அமையாது. நோயாளி மோசமாக இருந்து, சி.ஆர்.பி.யோ ஃபெரிட்டினோ பீட்டா ஹெச்.சி.ஜி.யோ எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தால், கிட் அனுமதிக்கும் டைலூயன்டில் பத்தில் ஒன்றாகக் கரைத்து மறுபடி போடுங்கள். பத்தால் பெருக்கியது முதல் எண்ணைவிட வெகுவாக ஏறினால் ஹூக்தான்.

காசுக் கணக்கு

விலை பேரத்துக்குப் பேரம் மாறும், கணக்கு மாறாது. க்ளியாவில் டி.எஸ்.ஹெச். நாளுக்கு 3 என்று வையுங்கள். மாதம் 26 நாளில் நோயாளி 78. தினம் இரண்டு லெவல் கன்ட்ரோல் 52, கேலிப்ரேஷனுக்கு 4. மொத்தம் 134 டெஸ்ட் செலவாகி 78-க்குத்தான் பில் போடுகிறீர்கள். ஒரு நோயாளிக்கு 1.7 டெஸ்ட். நாளுக்கு 20 என்றால் 520-க்கு 576, ஒருவருக்கு 1.1. பி.எஸ்.ஏ. மாதம் நாலே பேர் என்றால், கன்ட்ரோலை டெஸ்ட் போடும் நாளில் மட்டும் போட்டாலும், 50 டெஸ்ட் பாட்டில் திறந்தபின் 28 நாளில் காலாவதியாகும் கருவியில் பாதிக்கு மேல் சாக்கடைக்குப் போகும். தைராய்டு சாம்பிள் தினம் பதினைந்தைத் தாண்டும்வரை க்ளியாவை யோசிக்க வேண்டாம் என்பது எங்கள் கணிப்பு.

கார்டு ரீடரில் இந்த வீண் குறைவு. 25 கார்டுப் பெட்டியில் கன்ட்ரோலுக்கு இரண்டு போனால் 23 மிச்சம். ஆனால் காலாவதித் தேதி பெட்டியில் மட்டும் இல்லை, ஒப்பந்தத்திலும் ஒளிந்திருக்கிறது. “மாசம் நாலு பாக்ஸ்” என்றால் 100 கார்டு. உங்களிடம் மாதம் 40 சாம்பிள்தான் வருகிறது என்றால் மீதியைத் தீர்க்க டாக்டரிடம் போய் டெஸ்ட் கேட்க வேண்டிய நிலை வரும். நோயாளிக்குத் தேவையில்லாத டெஸ்ட் அங்கேதான் பிறக்கிறது. மாதக் கட்டாயம் இல்லாமல், தேவைக்கு வாங்கும் விதத்தில், கருவியைச் சொந்தமாகவே வாங்குங்கள். ஒப்பந்தம்தான் என்றால் மூன்று மாதத்துக்கு மேல் ஆயுள் இல்லாத லாட்டைத் திருப்பித் தரலாம் என்று எழுதி வாங்குங்கள். பெட்டியில் இறக்குமதி அல்லது உற்பத்தி உரிம எண் அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின் கீழ் அது இருக்க வேண்டும்.

வாங்கும் முன்

டெமோ கருவியைப் பத்து நாள் வைத்துப் பாருங்கள். ஒரே சாம்பிளைப் பத்து முறை போட்டு, சராசரியையும் திட்ட விலக்கத்தையும் எடுத்து சி.வி. போடுங்கள், உள்தாளில் உள்ளதைவிட அதிகம் வந்தால் கருவியோ கையோ சரியில்லை. அடுத்து, கோவைக்கு அனுப்பும் சாம்பிள்களிலேயே இருபதை இரண்டாகப் பிரித்து இங்கும் அங்கும் போடுங்கள். இருபதும் நார்மலாக இருந்தால் ஒன்றும் தெரியாது. பாதியாவது முடிவெடுக்கும் எல்லைக்கு அருகில் இருக்க வேண்டும். வித்தியாசம் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் கேலிப்ரேஷன் பிரச்சினை; இரு பக்கமும் சிதறினால் கார்டின் பிரச்சினை, அதைச் சரிசெய்ய வழி இல்லை. வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித் தர மதிப்பீட்டில் சேர்ந்துவிட்டால் இந்தச் சோதனை மாதாமாதம் தொடரும்.

கருவி வந்தபின் ரிப்போர்ட் வடிவத்தையும் மாற்றுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே முறையின் பெயர், அலகு, அந்த முறையின் இயல்பு எல்லை. கருவியால் 0.1-க்குக் கீழே அளக்க முடியாது என்றால் 0.00 என்றோ 0.05 என்றோ அச்சடிக்க விடாதீர்கள், “0.1-க்கும் குறைவு” என்று வரட்டும். பழைய ரிப்போர்ட் கோவை க்ளியாவில், புதியது உங்கள் கார்டில் என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று டாக்டர் படித்துவிடுவார். முறை மாறிய முதல் மாதம் எல்லா ரிப்போர்ட்டிலும் “முறை மாற்றப்பட்டுள்ளது, முந்தைய எண்ணோடு ஒப்பிட வேண்டாம்” என்று ஒரு வரி போட்டு, வழக்கமாக அனுப்பும் டாக்டர்களுக்குப் போனிலும் சொல்லிவிடுங்கள்.